பிரான்ஸ் கிராமத்தில் பழைய கல்வீடு: முதல் கோடையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பிரான்சின் நடுப்பகுதியிலும் தென்மேற்கிலும், குறிப்பாக லிமூசான், பெரிகோர், கேர்சி வட்டாரங்களில், பாரிஸில் ஓர் அறை வாங்கும் காசுக்குத் தோட்டத்தோடு கல்வீடு கிடைக்கும். பாரிஸை விட்டு அங்கே போகிறவர்களும் சரி, புதுச்சேரி, சென்னைப் பக்கமிருந்து நேராகப் போய் இறங்குகிறவர்களும் சரி, பெரும்பாலும் கோடையில்தான் சாவியைக் கையில் வாங்குவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, இரவு பத்து மணி வரை வெளிச்சம், வேலைக்கு ஏற்ற காலம் என்ற நினைப்பு.

சிக்கல் அங்கேதான். கல்வீடு தன் நோயைக் கோடையில் மறைத்துவிடும். நவம்பரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறும் சுவர், ஜூலையில் அடியில் கொஞ்சம் வெள்ளை உப்புப் பூத்தபடி காய்ந்த முகம் காட்டும். அதை நம்பிச் சிமெண்டு பூசி, பெயிண்ட் அடித்து, தரைக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் நீர் அடுத்த குளிர்காலத்தில் வேறு வழி தேடும். அது கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் உத்தரக்கட்டையின் முனை. எனவே முதல் கோடையில் இரண்டே வேலை: தண்ணீர் உள்ளே வரும் வழியை அடைப்பது, உள்ளே இருப்பது வெளியேற வழி விடுவது. சமையலறை, ஓடு பதிப்பது, அலங்காரமெல்லாம் ஒரு குளிர்காலம் பார்த்த பிறகு.

இந்தியக் கடவுச்சீட்டோடு வருபவர்களுக்கு முதலிலேயே ஒன்று: வீடு வாங்கினால் தங்கும் உரிமை தானாக வந்துவிடாது. நீண்டகால விசாவில் வந்தால், இறங்கிய 3 மாதத்துக்குள் இணையத்தில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும். வீட்டு வேலையில் மூழ்கி இதை மறந்தால் மற்ற எல்லாம் வீண்.

வெயிலின் கணக்கு வேறு

நம் ஊரில் உச்சிவெயில் என்றால் பன்னிரண்டு மணி. பிரான்சில் கோடைக் கடிகாரத்தை முன்தள்ளி வைத்திருப்பதால், சூரியன் தலைக்கு மேல் வருவதே பிற்பகல் இரண்டு மணி வாக்கில்தான். நாளின் அதிகச் சூடு மாலை நாலிலிருந்து ஆறு வரை. ‘மதியம் படுத்து எழுந்து நாலு மணிக்கு வேலையைத் தொடங்கலாம்’ என்ற நம் பழக்கம் அங்கே ஆபத்தில் கொண்டுபோய் விடும். வெயில் எவ்வளவு வந்துவிடும் என்று அலட்சியமும் வேண்டாம். 2019 ஜூன் 28 அன்று தெற்கே எரோ மாவட்டத்து வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது. கிராமத்து வீடுகளில் மின்விசிறியே அபூர்வம்.

நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 6 முதல் 8 வரை சத்தமில்லாத வேலை: கல் சுமப்பது, கையால் சுரண்டுவது, சுண்ணாம்புச் சாந்து வைப்பது. 8 முதல் 12 வரை சத்த வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மாவட்ட ஆணை உண்டு. பல மாவட்டங்களில் வார நாட்களில் 8 முதல் 12, 14 முதல் 19.30, சனிக்கிழமை 9 முதல் 12, 15 முதல் 19, ஞாயிறும் விடுமுறை நாளும் 10 முதல் 12 மட்டும். உங்கள் ஊர் நேரத்தை மேரியில், அதாவது ஊர் அலுவலகத்தில், கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையில் கல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுவதைப் போல அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ள வேறு நல்ல வழியில்லை. பகல் உணவுக்குப் பிறகு நிழலில் காகித வேலை.

வீட்டைக் குளிர்ச்சியாக வைக்க ஏசி தேவையில்லை, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்தாலான வெளிக்கதவுகள் போதும். வோலே என்று அவர்கள் சொல்லும் இந்தக் கதவுகளையும் ஜன்னல் கண்ணாடியையும் காலை ஒன்பதுக்குள் சாத்திவிட வேண்டும். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். அது பெரும்பாலும் இரவு பத்துக்கு மேல்தான். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு வெப்பமானி மாட்டினால் ஊகத்துக்கு இடமில்லை. காற்றோட்டத்துக்காகப் பகலெல்லாம் திறந்து வைக்கும் நம் வழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள்.

நிலவறைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ‘ஈரமாக இருக்கிறதே, வெயில் நேரத்தில் திறந்து காயவிடலாம்’ என்று பலர் ஜூலை மதியத்தில் நிலவறைக் கதவைத் திறந்து போடுகிறார்கள். 30 டிகிரிச் சூடும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தச் சுவரில் பட்டாலும் நீராகிவிடும். நிலவறைச் சுவர் 15 டிகிரியில் இருக்கும். காய வைக்கப் போய் நனைத்துவிட்டு வருவீர்கள். கோடையில் நிலவறையை இரவில் மட்டும் திறக்க வேண்டும்.

முதலில் சுற்றிப் பாருங்கள், சுத்தியல் பிறகு

கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்சில். வாங்கும்போது நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரி, கொடுத்த சோதனை அறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1949-க்கு முந்திய வீடானால் ஈயப் பெயிண்ட் அறிக்கை, 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்றதானால் ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கை இருக்கும். ஆணை உள்ள பகுதிகளில் கரையான் அறிக்கையும் இருக்கும். அது 6 மாதத்துக்குத்தான் செல்லும். இவற்றை யாரும் படிப்பதில்லை. பழைய ஜன்னல் சட்டத்தை உப்புத்தாளால் தேய்க்கும் முன் ஈய அறிக்கையைப் பார்க்காவிட்டால், அந்தத் தூள் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகும். தொழுவத்தின் கூரையில் சாம்பல் நிற நெளித் தகடு இருந்தால் அது ஃபிப்ரோசிமான், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டு, என்றே வைத்துக்கொண்டு, அறுக்காமல், துளைக்காமல், பாசி போக அழுத்தநீர் அடிக்காமல் விடுங்கள்.

பரணில் ஏறுங்கள், காலையில் மட்டும். பகல் மூன்று மணிக்கு அங்கே நின்றால் மயக்கம் வரும். உத்தரமும் சட்டமும் சுவருக்குள் நுழையும் முனைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டரில் நின்றால் நல்லது. வெண்ணெய்யில் போல இறங்கினால் அங்கே நீர் இருந்திருக்கிறது. முட்டை வடிவத் துளையும் உள்ளே மரத்தூளும் இருந்தால் கப்ரிகோர்ன் வண்டு. கனசதுரமாக வெடித்த மரமும் பஞ்சு போன்ற வெள்ளைப் படலமும் துரு நிறப் பொடியும் இருந்தால் மெரூல் என்னும் பூஞ்சை. அதற்கு நீங்களே மருந்தடிக்காதீர்கள், நிபுணரைக் கூப்பிடுங்கள். பரணில் வௌவால் இருந்தால் விரட்டக்கூடாது. பிரான்சில் எல்லா வௌவாலும் பாதுகாக்கப்பட்டவை. கோடை அவை குட்டி வளர்க்கும் காலம். கூரை வேலையை இலையுதிர் காலத்துக்குத் தள்ள இது ஒன்றே போதுமான காரணம். கூரையடியில் இருக்கும் தகைவிலான் கூடுகளைக் கலைப்பது குற்றம்.

வெளியே வாருங்கள். கூரைப் பீலி எங்கே ஒழுகுகிறது, அதன் குழாய் எங்கே கொட்டுகிறது? பாதி வீடுகளில் ஓதத்துக்குக் காரணம் நிலத்தடி நீரே கிடையாது. பீலிக்குழாய் சுவரடியில் கொட்டுவதும், நூறு ஆண்டாகச் சேர்ந்த மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்து நிற்பதும்தான். குழாயை மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். சுவரை ஒட்டிய மண்ணை உள்தரை மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே வரும்வரை வெட்டி, சரிவை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இதற்கு அனுமதியும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை, அந்தக் கோடையிலேயே செய்யலாம். சுவரை ஒட்டி ஆழமாகக் குழி வெட்டி வடிகால் போடச் சொல்லும் ஆலோசனைக்குக் காது கொடுக்காதீர்கள். இந்த வீடுகளின் அஸ்திவாரம் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். அதற்குக் கீழே வெட்டினால் சுவர் இறங்கும். வடிகால் வேண்டுமென்றால் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, அஸ்திவார அடிமட்டத்துக்கு மேலேயே, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவோடு போட வேண்டும்.

வெடிப்புகளின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். களிமண் நிலத்தில் கோடையில் மண் சுருங்கி வெடிப்பு விரியும், குளிர்கால மழையில் மூடும். ஆகஸ்டில் அதைச் சிமெண்டால் நிரப்பினால், ஜனவரியில் சுவர் மூட இடமில்லாமல் வேறெங்காவது பிளக்கும். உங்கள் நிலம் எந்த வகை என்று ஜியோரிஸ்க் அரசுத் தளத்தில் முகவரியைத் தட்டினால் தெரியும். அதே தளத்தில் ரேடான் வகையையும் பாருங்கள்; நிலத்திலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு அது. லிமூசான் கருங்கல் நிலம், அங்கே பல ஊர்கள் அபாயம் மிகுந்த மூன்றாம் வகை. அப்படியானால் தரை போடும் முன் அளவுமானியைக் குளிர்காலத்தில் இரண்டு மாதம் வைத்துப் பார்ப்பது நல்லது.

மேரியில் கொடுக்க வேண்டிய காகிதம்

உள்ளே பூச்சு, மின்கம்பி, குழாய் மாற்ற அனுமதி வேண்டாம். வெளித்தோற்றம் மாறினால் வேண்டும்: ஜன்னல் மாற்றுவது, கூரையில் ஜன்னல் திறப்பது, ஓட்டின் வகையை மாற்றுவது, வெளிக்கதவுக்கு வேறு நிறம். இதற்கு முன்னறிவிப்பு மனு. வழக்கமாக ஒரு மாதத்தில் பதில். பழைய நினைவுச்சின்னத்தைச் சுற்றிய 500 மீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் அரசுக் கட்டடக்கலைஞரின் கருத்தும் வேண்டும், இரண்டு மாதம். ஊர்ச் சர்ச்சே அந்தச் சின்னமாக இருப்பது சகஜம். பொதுவாக 20 சதுர மீட்டருக்கு மேல் (நகர்த் திட்டம் உள்ள ஊரின் நகரப் பகுதியில் 40) புதிதாகச் சேர்த்தால் முழுக் கட்டுமான அனுமதி. சேர்த்த பிறகு மொத்தம் 150 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டடக்கலைஞர் வைப்பது கட்டாயம்.

மனுவில் ஒரு தாள் குறைந்தாலும் மேரி கேட்டு எழுதும், அந்தத் தாள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் கெடு மறுபடி ஓடத் தொடங்கும். பெரும்பாலும் குறைவது தெருவிலிருந்து எடுத்த படங்கள். கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, கோணம் குறித்த வரைபடத்தோடு வையுங்கள். அனுமதி கிடைத்ததும் 80 சென்டிமீட்டருக்கு மேல் பக்கமுள்ள பலகையைத் தெருவிலிருந்து தெரியும்படி நட வேண்டும். பிறர் ஆட்சேபிக்கும் இரண்டு மாதக் கெடு அந்தப் பலகை நட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். நட்ட அன்றே அதைத் தேதியோடு படம் எடுத்து வைக்காதவர்கள் பின்னால் திண்டாடுவார்கள். ஜூன் தொடக்கத்தில் மனு கொடுத்தால் செப்டம்பரில் நிம்மதியாக வேலை தொடங்கலாம். ஆகஸ்டில் கொடுத்தால் குளிர் வந்துவிடும்.

சின்ன ஊர் மேரி வாரத்தில் இரண்டு, மூன்று அரைநாள்தான் திறந்திருக்கும். அங்கிருக்கும் செயலாளரம்மாவுக்கு ஊரில் யார் நல்ல கொத்தனார், எந்தக் கிணறு வற்றாது, எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் கேள்வி கேட்டால் பதில் சுருங்கிவிடும். கடையிலும் அப்படித்தான், பேருந்திலும் அப்படித்தான். எல்லோரையும் ‘வூ’ போட்டே பேசுங்கள், நாம் ‘நீங்க’ சொல்வது மாதிரி. ‘த்யூ’வுக்கு மாறலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

ஆகஸ்டில் ஆள் கிடைக்காது

ஜூலை 14 தேசிய நாளுக்குப் பிறகு வேகம் குறையும். ஆகஸ்ட் 15 விடுமுறையைச் சுற்றி இரண்டு மூன்று வாரம் கட்டட வேலை நாடு முழுவதும் நின்றுவிடும். பொருள் கடைகளும் நேரத்தைக் குறைக்கும். எனவே ஜூனில் ஆட்களை வரவழைத்துத் தெவி என்னும் விலைப்பட்டியலை எழுதி வாங்குங்கள், வேலைக்குத் தேதி செப்டம்பரில் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தெவி. ஒவ்வொன்றிலும் சிரெத் என்னும் 14 இலக்கத் தொழில் பதிவு எண் இருக்கிறதா, பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று இருக்கிறதா, அந்தச் சான்றில் உங்கள் வேலையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடு வேய்பவரின் காப்பீடு சுவர் வேலைக்குப் பொருந்தாது. முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் கேட்டால் யோசியுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கடைசி 5 சதவீதத்தை ஓராண்டு பிடித்து வைக்கலாம்.

2 ஆண்டுக்கு மேல் பழைய குடியிருப்பில், பொருளும் வேலையும் சேர்த்து ஒருவரே செய்தால் மதிப்புக்கூட்டு வரி 10 சதவீதம், வெப்பக்காப்பு போன்ற ஆற்றல் வேலைக்கு 5.5. அதே பொருளை நீங்களே கடையில் வாங்கினால் 20. அரசு உதவி பெறும் எண்ணம் இருந்தால், மனு போடும் முன் எந்தத் தெவியிலும் கையெழுத்திடக்கூடாது. கையெழுத்திட்டுவிட்டு மனுச் செய்பவர்களுக்கு உதவி கிடைப்பதில்லை. ஃபிரான்ஸ் ரெனோவ் என்னும் அரசின் வீடு புதுப்பிப்பு உதவி அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். விதி அடிக்கடி மாறுவதால் ஒருமுறை போய்க் கேட்டு வருவது மேல்.

கடும் வெயிலில் ஆள் காலை ஆறுக்கே வந்து பதினொன்றுக்குக் கிளம்பினால் கோபப்படாதீர்கள். வானிலைத் துறை வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் வேலை நேரத்தை மாற்றுவதும் தண்ணீர் கொடுப்பதும் 2025 ஜூலை 1 முதல் முதலாளிகளுக்குச் சட்டக் கடமை.

நீங்களே செய்ய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பெரிய வேலையை உங்கள் கையால் செய்து, பத்தாண்டுக்குள் வீட்டை விற்றால், வாங்கியவருக்குக் கட்டியவர் என்ற பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

சிமெண்டை இறக்கிச் சுண்ணாம்பு ஏற்றுவது

இந்தச் சுவர்கள் 50 முதல் 70 சென்டிமீட்டர் தடிமன்: இரு பக்கமும் கல், நடுவில் சல்லியும் மண்ணும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் கல் இடுக்குச் சாந்து வழியாக ஆவியாகிப் போக வேண்டும் என்பதே கட்டியவர்களின் கணக்கு. சுவரில் சிமெண்டு பூச்சு வந்ததும் அந்த வழி அடைபட்டது. ஈரம் மேலே ஏறத் தொடங்கியது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய சுவர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடுக்காயும் வெல்லமும் இங்கே வேண்டாம். கடையில் கிடைக்கும் சுண்ணாம்பு வேறு ரகம்.

மூட்டையில் என்.எச்.எல். 2, 3.5, 5 என்று இருக்கும். என்.எச்.எல். என்றால் நீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு. 28 நாளில் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தைச் சொல்வது பக்கத்தில் உள்ள எண். பெரிது நல்லது என்று 5-ஐ வாங்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கல்லைவிடச் சாந்து கடினமாகிவிட்டால் உடைவது கல்தான். மென்மையான சுண்ணக்கல்லுக்கு 2, கருங்கல்லுக்கு 3.5.

1. பழைய சிமெண்டை அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை முதலில் எடுங்கள். உளியும் ஒரு கிலோ சுத்தியலும் போதும். பெரிய துளைப்பான் கல்லின் முகத்தைப் பிய்த்துவிடும். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் தொடங்கினால் பலகை பலகையாக வரும்.

2. அப்படியே விடுங்கள். இந்தக் கோடை முழுக்கக் காயட்டும். 60 சென்டிமீட்டர் சுவர் முழுதாகக் காய ஓராண்டுக்கு மேல் ஆகும். திறந்த கல்லைப் பார்க்கச் சகிக்காமல் மறுவாரமே மூடிவிடுவதுதான் பலரும் செய்வது.

3. செப்டம்பரில் இடுக்குகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, தூசியைத் துடைப்பத்தால் தள்ளுங்கள். முந்தின மாலை சுவரை நன்றாக நனையுங்கள். மறுநாள் காலை மறுபடி தெளியுங்கள். கல் ஈரமாக இருக்க வேண்டும், நீர் வழியக்கூடாது. காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், சாந்து கெட்டியாவதற்குப் பதில் மாவாகிவிடும்.

4. கலவை: சுண்ணாம்பு 1, மணல் 2.5, கிலோவில் இல்லை, வாளிக் கணக்கில். 35 கிலோ மூட்டை ஏறத்தாழ 50 லிட்டர். 10 லிட்டர் வாளியில் ஐந்து. மணல் பன்னிரண்டரை வாளி, ஏறத்தாழ 200 கிலோ. 0-4 மில்லிமீட்டர் ஆற்றுமணல், அந்த வட்டாரத்து மணலாகவே வாங்குங்கள். சாந்தின் நிறம் மணலில்தான் இருக்கிறது. இயந்திரத்தில் ஏழெட்டு நிமிடம் சுழலவிட்டுப் பிறகே ‘நீர் போதவில்லை’ என்று முடிவு செய்யுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இளகும். அவசரப்பட்டு நீர் சேர்த்தால் காயும்போது வெடிக்கும்.

5. கரண்டியால் இடுக்கின் அடிவரை அழுத்தி நிரப்புங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழமானால் இரண்டு தடவையாக. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்; கண்ணில் பட்டால் உடனே பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

6. விரலால் அழுத்தினால் பதியாமல், நகத்தால் கீறினால் கோடு விழும் பதம் வந்ததும், பெரும்பாலும் மறுநாள் காலை, முரட்டுத் தூரிகையால் தேயுங்கள். அப்போதுதான் மணல் முகம் தெரியும், கல்லும் சுத்தமாகும்.

7. மூன்று நாலு நாள் காலையும் மாலையும் புகை போல நீர் தெளியுங்கள். வெயில் படும் சுவரில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள்.

30 டிகிரிக்கு மேலும் 5 டிகிரிக்குக் கீழும் இந்த வேலை கூடாது. காய்ந்த காற்று வீசும் நாளும் கூடாது. தெற்குச் சுவருக்கு ஆகஸ்ட் ஆகவே ஆகாது. வடக்குச் சுவரில் காலை வேளையில் முயன்று பார்க்கலாம். முதல் உறைபனிக்கு முன் சாந்து கெட்டியாக வேண்டும் என்பதால், லிமூசான் மேட்டுப் பகுதியில் அக்டோபர் நடுவோடு நிறுத்திவிடுங்கள். முதலில் ஒரு சதுர மீட்டரைச் செய்து பார்த்து, எத்தனை வாளி பிடித்தது என்று எழுதி வைத்தால், மொத்தத்துக்கும் எத்தனை மூட்டை என்ற கணக்கு அதிலிருந்தே வரும்.

தரையும் கூரையும்

மண்தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போட்டால், தரைக்கடியில் இருக்கும் ஈரம் முழுதும் பக்கச் சுவருக்கு ஓடும். 20 சென்டிமீட்டர் பெரிய சல்லி பரப்பி, அதன்மேல் சுண்ணாம்பும் எரிமலைக் கல்லும் கலந்த தரை போடுவது இந்த வீடுகளுக்கு ஏற்றது. ஆனால் ரேடான் மிகுந்த இடத்தில் கணக்கு மாறும். சல்லிக்கு அடியில் காற்றுக் குழாய் விட நிபுணரிடம் கேளுங்கள்.

கூரையில் வெப்பக்காப்பைக் குளிருக்காக மட்டும் வாங்காதீர்கள். இந்தியக் காங்கிரீட் மாடி போலவே ஓட்டுக் கூரைக்கடி அறையும் கோடையில் வேகும். மரநார்ப் பலகை கண்ணாடிக் கம்பளியைவிட விலை அதிகம், ஆனால் சூட்டை உள்ளே விட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். மாலைச் சூடு உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும், ஜன்னலைத் திறந்துவிடலாம். கணக்கு எளிது: தடிமனை மீட்டரில் எடுத்து, பொட்டலத்தில் உள்ள லாம்டா எண்ணால், அதாவது பொருள் சூட்டைக் கடத்தும் அளவால், வகுத்தால் தடுப்பு அளவு வரும். 0.038 லாம்டாவில் 30 சென்டிமீட்டர் போட்டால் 7.9. உடைந்த ஓடு மாற்றுவதை மட்டும் முதல் கோடையிலேயே முடியுங்கள். காப்புப் பலகை, கூரை ஒழுகாது என்று ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு.

மின்சாரமும் கழிவுத் தொட்டியும்

பழைய துணி உறைக் கம்பி இருந்தால் மாற்றாமல் குடியேறாதீர்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 8 விளக்கு, பிளக்குக்கு 2.5 கம்பியும் 20 ஆம்பியர் பிரேக்கரும், சுற்றுக்கு 12 வரை. மின்னடுப்புக்கு 6 சதுர மில்லிமீட்டர், 32 ஆம்பியர். எல்லாச் சுற்றும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானுக்குக் கீழே, ஒரு தடுப்பானுக்கு எட்டுச் சுற்றுக்கு மேல் வேண்டாம். மண் இணைப்பைக் கோடை முடிவில், நிலம் காய்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். அப்போது 100 ஓமுக்குக் கீழே இருந்தால் எப்போதும் இருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்து முழுதாக மாற்றினால், திரும்ப இணைக்க மின்வலை நிறுவனமான எனெதிஸ், கோன்சுவெல் என்னும் மின்பாதுகாப்புச் சான்றைக் கேட்கும்.

கிராமத்தில் பொதுச் சாக்கடை பெரும்பாலும் இருக்காது. கழிவுத் தொட்டி விதிக்குப் பொருந்தாதது என்று அறிக்கையில் இருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். கோடையில் ஆறப்போட்டால் அந்த ஆண்டு ஓடிவிடும். ஐந்து அறை வரையுள்ள வீட்டுக்கு 3 கன மீட்டர் தொட்டி, ஒவ்வொரு கூடுதல் அறைக்கும் ஒன்று. நீர் ஊறும் வாய்க்கால் வீட்டிலிருந்து 5 மீட்டர், எல்லையிலிருந்தும் மரத்திலிருந்தும் 3 மீட்டர், குடிநீர்க் கிணற்றிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஸ்பாங்க் என்னும் உள்ளாட்சிப் பிரிவின் ஆய்வாளர் வந்து பார்க்கும் முன் குழியை மூடிவிட்டால் மறுபடி தோண்டச் சொல்வார்.

வறட்சி, தீ, பூச்சி

வறட்சிக்கு நான்கு நிலை: விழிப்பு, எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை, நெருக்கடி. எந்த நிலையில் எது தடை என்று விஜிஓ அரசுத் தளத்தில் முகவரி கொடுத்துப் பார்க்கலாம். முற்றம் கழுவுவதும் தோட்டத்துக்கு நீர் விடுவதும்தான் முதலில் நிற்கும். தோட்டக் குப்பையை எரிப்பது தடை. தெஷெத்ரி என்னும் குப்பைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள், அதற்கான அட்டையை மேரியிலேயே கேளுங்கள். தீ அபாயமுள்ள வட்டாரத்தில், காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தால், சுற்றிலும் 50 மீட்டர் புதரை வெட்டிவைக்க வேண்டியது உங்கள் கடமை. காய்ந்த புல்லுக்கு அருகில் இரும்பு அறுக்காதீர்கள்.

புல் வெட்டினால் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னக் கொக்கியால் திருகி எடுங்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்த உடலும் மஞ்சள் காலும் கொண்ட பெரிய குளவிக் கூட்டைப் பரணிலோ வேலியிலோ கண்டால், தெளிப்பானை எடுக்காமல் மேரிக்குச் சொல்லுங்கள்.

குளிருக்கு முன்

ஆகஸ்ட் சும்மா கிடக்கும் மாதமாயிற்றே என்று புகைபோக்கியை மறக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது துப்புரவு செய்து சான்று வாங்க வேண்டும், தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் அதைத்தான் கேட்பார். அக்டோபரில் அழைத்தால் டிசம்பருக்குத்தான் தேதி தருவார்கள். விறகை ஸ்தேர் கணக்கில், அதாவது அடுக்கிய கன மீட்டர் கணக்கில், ஜூனிலேயே சொல்லிவையுங்கள். ஓக் கட்டை வெட்டிப் பிளந்து இரண்டு கோடை காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகு சூடு தராது, குழாயில் தார் சேர்க்கும்.

அனுமதி பெற்ற வேலை முடிந்ததும் முடிவு அறிவிப்பை மேரியில் கொடுங்கள். அறை கூடியிருந்தால், குளியலறை புதிதாக வந்திருந்தால், 90 நாளுக்குள் வரித்துறைத் தளத்தில் ‘என் சொத்துகள்’ பக்கத்தில் அதையும் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் சொத்துவரிச் சலுகை போய்விடும்.